கங்காணியின் இடது தோள்

டைலரின் விரல்கள் கோட்டின் இடது தோளைப் பிரித்துக்கொண்டிருந்தன. பிளேடின் முனை நூலை மட்டும் தொட்டது, துணியைத் தொடவில்லை. ஒரு தையலை அறுப்பது, நாலைந்தை விடுவது, அடுத்ததை அறுப்பது. பிறகு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் நூல் முழுவதும் தானாகக் கழன்று வந்தது. புகையிலையும் தைலமும் கலந்த ஒரு வாசம் அதோடு சேர்ந்து வந்தது. அந்த வாசத்துக்கு உரியவரைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

தையல் விட்டதும் மடிப்புக்குள்ளிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் துணி வெளியே வந்தது. கோட்டின் மற்றப் பாகமெல்லாம் வெயிலிலும் மழையிலும் பழுத்துக் காப்பி நிறமாகியிருக்க, இந்தத் துண்டு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கறுப்பாக இருந்தது. விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. அந்தத் துணியை உள்ளே மடித்து வைத்ததும் அதே விரல்கள்தான். ஏன் வைத்தோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஹட்டன் கடைத்தெருவில் முத்துலிங்கம் புடவைக்கடை விறாந்தையின் ஓர் ஓரத்தில் மெஷின் போட்டிருந்தார் லோரன்ஸ் டைலர். சுற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கோட்டுப் போட்டவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கோட்டுப் போட்டவர்கள் நிறையப் பேர் இல்லை. கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், இரண்டொரு வாத்தியார்கள். மற்ற நாட்களில் சட்டை, ரவிக்கை, கோயில் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு என்று வந்ததைத் தைப்பார்.

அவர் பிறந்தது ஊசிமலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். யாரிடமும் தையல் படித்தவரல்லர். பங்களாவில் துணி தேய்க்கிற வேலையில் இருந்தபோது துரை கழித்துப்போட்ட ஒரு கோட்டை வாங்கிவந்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்த்தார். திரும்பத் தைத்தார். சரியாக வரவில்லை. மறுபடியும் பிரித்தார். துணி இற்றுப்போகும்வரை அந்த ஒரே கோட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததுதான் அவருடைய படிப்பு. துரையின் முதுகு லேசாக வளைந்தது என்பதும், வலது கையால் அதிகம் எட்டி எடுப்பவர் என்பதும் அவரைப் பார்க்காமலே துணியிலிருந்து தெரிந்துபோனது.

அதிலிருந்து வந்ததுதான் அவருடைய வழக்கம். ஆள் வந்ததும் டேப்பை எடுக்கமாட்டார். "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்று எதிர்ப் பக்கத்து இராமையாவின் கடைக்கு அனுப்பிவிடுவார். அளவு எடுக்க நிற்கும்போது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திப் பொய்யாக நிற்பார்கள். டீ குடிக்கப் போகும்போது உண்மையாக நடப்பார்கள். அந்த நடையைப் பார்த்துத்தான் வெட்டுவார்.

"டைலர் அண்ணன் இல்லேன்னா என் கடைய என்னைக்கோ மூடியிருப்பேன்" என்பார் இராமையா. "ஆனா ஒண்ணு, அவரு மட்டும் என் கடையில டீ குடிக்கமாட்டாரு. அதுக்கு என்ன அர்த்தம்னுதான் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

இன்னொரு வழக்கமும் உண்டு. தோளிலும் முதுகிலும் தேவைக்கு மேல் துணியை மடித்து உள்ளே விட்டுவிடுவார். கோட்டைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "உள்ள துணி இருக்குங்க. ஒடம்பு மாறுனா கொண்டாங்க, விட்டுக்கலாம்."

இப்போது மேசையில் கிடந்த கோட்டை இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருஷம் அவர் தைத்தார். ஊசிமலைப் பெரிய கங்காணி பழனியாண்டிக்காக. கங்காணியின் இடது தோள் சரிந்தது. அவர் நடந்தால் தோள் முன்னால் விழும்; இடது கால் ஒரு சின்ன வட்டம் போட்டு வந்து நிற்கும். மூடுபனிக்குள் முகம் தெரியாவிட்டாலும் அந்தத் தோளைப் பார்த்தே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள். தோள் சரிவு அப்படியே வரும்படி கோட்டை வெட்டியதால் அவர்மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் அது கிடந்தது. கங்காணி அதைத்தான் கடைசிவரை போட்டார். பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு அது சுவரில் தொங்கியது.

கங்காணிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பூரணி, புருஷனை இழந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். இளையவன் அழகுமுத்து. உலக யுத்தம் முடிந்த கையோடு, பதினேழு வயதில், தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு இந்தியாவுக்குப் போனவன் போனவன்தான். கங்காணி ஹட்டனில் நிலம் வாங்கி வீடு கட்டினார். முன்பக்கம் வாடகைக்கு இரண்டு கடை அறைகள், பின்னால் குடியிருப்பு. மகன் வந்தால் இருக்கட்டும் என்றுதான் அதைக் கட்டினார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் படுக்கையில் விழுந்த சில மாதங்களில் அழகுமுத்து வந்தான்.

முதலில் யாருக்கும் நிச்சயமில்லை. பதினேழு வயதில் போனவன் முப்பதைத் தாண்டி வந்து நின்றால் முகத்தை வைத்து என்ன சொல்வது? லயத்து ஆட்களின் பெயரைச் சொன்னான். காமன் கூத்தில் தான் ரதி வேஷம் கட்டியதைச் சொன்னான். சரிதான் என்றார்கள், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். படுக்கையில் கிடந்த கங்காணி, வாய் கோணிப்போயிருந்தவர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுவரில் தொங்கிய கோட்டைக் கண்ணால் காட்டி அவனுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அவன் அதைத் தினமும் போட்டான். மழைக்காலம் முடிவதற்குள் எல்லோருடைய சந்தேகமும் தீர்ந்துவிட்டது. ஒருநாள் மாலை மூடுபனி இறங்கிய நேரத்தில் அவன் கடைத்தெருவில் நடந்துவர, கூடையோடு எதிரே வந்த பெண்கள் சட்டென்று பாதையை விட்டு இறங்கி நின்றார்கள். இடது தோள் முன்னால் விழுந்தது. இடது கால் வட்டம் போட்டது. விறாந்தையிலிருந்து அதைப் பார்த்த லோரன்ஸ் டைலர் எல்லோருக்கும் கேட்க, "ரத்தம்னா இதுதான்யா. அப்பன் நடை அப்புடியே இருக்கு பாரு" என்றார். மனிதரின் நடையைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் சொன்ன சொல். அது தோட்டம் தோட்டமாகப் போனது. அதற்குப் பிறகு யாரும் அவனை வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து கங்காணி செத்தார். பதினாறாம் நாள் கருமாதி. அன்று படையல் போட்டு முடிந்ததும், செத்தவரின் வாரிசை உட்கார வைத்துத் தாய்மாமன் அவன் தலையில் உருமால் கட்டுவார். புதுத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு வீடும் வாசலும் யாருடையது என்று பந்தலில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கருமாதிக்கு முன்பே அழகுமுத்து வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டான். பூரணியிடம், "ஒனக்கும் புள்ளைகளுக்கும் ஊசிமலை லயத்துல ஒரு காம்பரா கேட்டு வச்சிருக்கேன். பேரு பதிஞ்சு கொழுந்து எடுக்கப் போனா குடுப்பாங்க" என்று சொல்லியும் விட்டான்.

கோட்டை அவன் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இராமையாவின் கடையில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் கூட்டம் நின்றது. நாடகம் நடந்துகொண்டிருந்தது. கப்பலோடு மூழ்கிப்போன ஒரு பணக்கார வீட்டு மகன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். வந்தவன் அவன்தானா என்பது கதை.

"போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் லோரன்ஸ் வழக்கம்போல. "கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

அவன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டினான். தோள் சரிந்தபடியே போனது.

"அடியாத்தே, வாங்க சின்னக் கங்காணி" என்றார் இராமையா. "தூரத்துல கோட்டப் பாத்ததும் எனக்குக் கையி நடுங்கிருச்சு. செத்த மனுசன் கடனுக்கு டீ கேட்டு வர்றாருன்னு நெனச்சேன்."

"கையி நடுங்குனா நடுங்கட்டும், பாலக் கொறைக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்குள் ஒரு கதவு கிரீச்சிட்டது. ஒரு பெண் குரல், "நீ யார்?" என்று கேட்டது. கூட்டம் அடங்கியது.

"இவன் அவன் இல்லடா" என்றான் ஒருவன்.

"அது எனக்கு இருமல்லயே தெரிஞ்சிருச்சு" என்றார் இராமையா. "பணக்கார வீட்டுப் புள்ள இப்புடியா இருமும்? நம்ம தேயிலை ஸ்டோர்ல தூசி தின்னவன் மாதிரியில்ல இருமுறான்."

"நம்ம சின்னக் கங்காணி கதையாட்டம் இருக்கே" என்று பின்னாலிருந்து யாரோ சீண்ட, அழகுமுத்துதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அவன எப்புடிப் புடிக்கிறாங்க?"

"அது அடுத்த ஞாயித்துக்கெழம. இப்பவே சொல்லிட்டா அப்புறம் எவன் வந்து என் கடையில நிப்பான்?"

அவன் பெட்டியின் பக்கம் குனிந்து கேட்க ஆரம்பித்தான். எதிர் விறாந்தையிலிருந்து லோரன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவன் இடது தோள் மெதுவாக மேலே ஏறியது. வலது தோளுக்குச் சமமாக வந்து நின்றது. டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு, இன்னும் காதை நாடகத்திலேயே வைத்தபடி நாலடி நடந்து தூணில் சாய்ந்தான். இரண்டு கால்களும் நேராக வந்தன. அங்கே நின்றிருந்தது லோரன்ஸ் அதுவரை பார்த்தேயிராத ஓர் ஆள்.

அளவெடுக்க வந்து நின்றபோது தோள் மறுபடி சரிந்திருந்தது.

"கழுத்து வலிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாண்ணே. ரெண்டு வருசமா இந்தக் கோட்டு என்னப் புடிச்சுக் கீழ இழுக்குது. உருமாக் கட்டுக்கு ரொம்ப நேரம் ஒக்காந்திருக்கணும். எனக்கு அளவாப் பண்ணிக் குடுங்க."

"ஒங்க அளவுக்கா?"

"பின்ன யாரு அளவுக்கு? என் அளவுக்குத்தான்."

மறுநாள் இடது தோளைப் பிரித்தபோதுதான் அந்தக் கறுப்புத் துணி வெளியே வந்தது. வேறு யாருக்கும் தோளில் அவ்வளவு துணி அவர் விட்டதில்லை. கங்காணிதான் கேட்டுக்கொண்டார். "எலும்பு ஒருநாள் ஏறும் மாஸ்டர், நாட்டு வைத்தியன் சொல்லியிருக்கான். கொஞ்சம் கூடவே விட்டு வையி." சவுக்கு மரம் வெட்டும்போது கிளை முறிந்து அவர் தோளில் விழுந்திருந்தது. அதற்கு முந்திய கோட்டை லோரன்ஸ் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதன் இரண்டு தோளும் சமம். மரம் விழுந்தது சுதந்திர வருஷத்தில். அழகுமுத்து போனது அதற்கு முன்னால்.

அப்படியானால் அது ரத்தத்தில் வந்த நடையல்ல. தகப்பன் அப்படி நடந்ததை மகன் பார்த்ததேயில்லை. திரும்பி வந்தபோதோ தகப்பன் படுக்கையில். வருஷக் கணக்காகச் சரிந்த தோளைப் பார்த்துப் பழகிய தோட்டம் முழுவதும், கங்காணி பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்க ஆரம்பித்திருந்தது. லோரன்ஸும்தான்.

பிறகு அவன் யாரிடமிருந்து அந்த நடையைக் கற்றான்?

லோரன்ஸ் பிரித்த தோளைப் பழைய தடத்திலேயே பெரிய பெரிய தையலாக ஓட்டினார். எழுந்து கோட்டைத் தானே போட்டுக்கொண்டார். உடனே கழுத்தின் வலது பக்கம் துணி இறுக்கியது. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தினார், இறுக்கம் விட்டது. நடந்தார். இடது பக்கம் தாழ்ந்ததால் காலை நேராக வைக்க முடியவில்லை. அது தானாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்தது. விறாந்தையின் கோடிவரை போய்த் திரும்பினார். சோற்றுச் சட்டியோடு வந்த மனைவி பவுலின் படியிலேயே நின்றிருந்தாள்.

"கழட்டுங்க" என்றாள். "யேசுவே, மொதல்ல அதக் கழட்டுங்க. அந்தாளு வந்துட்டாருன்னு நெனச்சேன்."

அவர் கழற்றினார். கழற்றியது தன் கைதானா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் பூரணி வந்தாள். பந்தலுக்கு வெள்ளைத் துணி வாங்க வந்தவள், விறாந்தையில் தகப்பனின் கோட்டு மேசையில் கிடப்பதைக் கண்டு நின்றாள்.

"அண்ணே, அதக் குடுத்துருங்க. படையல்ல வைக்கணும். அவனுக்கு வேணாம்."

"தம்பிதானே குடுத்துட்டுப் போயிருக்கு ஆயி."

பவுலின் அவளை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பூரணி குடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என் தம்பி செத்து நாலு வருசமாச்சு அண்ணே. மதுரையில மில்லுல வேல செஞ்சுருக்கான். வாந்திபேதி. அவனோட ஒரே ரூமுல இருந்த ஆளு இங்கன வந்தப்ப, ஸ்டேசன்ல என்னைப் பாத்துச் சொன்னாரு. நான் அவரு கையப் புடிச்சு அழுதேன். அப்பாகிட்ட சொல்லிராதீங்க, கேட்டா அந்த எடத்துலயே உசிரு போயிரும், யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னேன். சரின்னு போனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு, தாடிய எடுத்துட்டு, அழகுமுத்துன்னு வந்து நிக்கிறாரு."

மெஷினுக்குப் பக்கத்தில் ஊசி டப்பா உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பவுலினின் கை பட்டிருந்தது.

"அப்பா அவன் கையப் புடிச்சு அழுவுறாரு. நான் என்ன செய்ய? இருக்கிறவரைக்கும் சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். இப்பச் சொல்றேன்னு நின்னா சொல்லு பாப்போம்ங்கிறான். தம்பி செத்தது தெரிஞ்சும் வீட்டுக்காக மறைச்சவ நீதானேன்னு பந்தல்ல கேப்பேங்கிறான். கேட்டா எல்லாரும் அதத்தானே நம்புவாங்க? அவனுக்கு அப்பா நடை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அந்த நடையை ஊருக்கு எடுத்துச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. லோரன்ஸுக்கு அது சொல்லாமலே கேட்டது.

கோட்டின் இடது தோளை விரலால் அளந்தார். பிறகு, "வேலைக்கு எடுத்துட்டேன் ஆயி, குடுக்காம இருக்க முடியாது" என்றார். "அவரு அளவுக்குத்தான் தைக்கச் சொல்லியிருக்காரு. அவரு அளவுக்கே தைக்கிறேன். ஒங்க மாமா உருமாத் துணி எடுக்க எப்ப வருவாரு?"

"கருமாதிக்கு மொத நாளு காலையில. இந்தக் கடையிலதான் எடுப்பாரு."

"கோட்டையும் அன்னைக்கே வந்து அவர வாங்கிக்கச் சொல்லு."

இடது தோளை அவர் ஏற்றித் தைத்தார். உள்ளே இருந்த துணி முழுவதும் வெளியே வந்தது. எவ்வளவு தேய்த்தும் நிறம் சேரவில்லை. பழுத்த கோட்டின் தோள்மேல் ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. அதை அப்படியே விட்டார். ஒரு துணியையும் வெட்டவில்லை.

தாய்மாமன் செல்லசாமி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஊசிமலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து இறுகிப்போன கை, பேச்சும் அப்படித்தான். புடவைக்கடைக்குள் உருமால் துணியைப் பிடித்துப் பார்த்து, "இது தலைக்கா, இல்ல பருப்பு வடிகட்டவா?" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூரணி வாசலருகே நின்றாள். அழகுமுத்து தெருவில் வந்தான். கோட்டு இல்லாவிட்டாலும் தோளைச் சரித்துத்தான் வந்தான்.

"போட்டுப் பாருங்க" என்று லோரன்ஸ் கோட்டை விரித்துப் பிடித்தார்.

அவன் கைகளை நுழைத்தான். துணி தோளில் விழுந்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். இரண்டு வருஷத்து இறுக்கம் கழுத்திலிருந்து போயிருக்க வேண்டும்.

"நல்லாருக்குண்ணே. ஒடம்புல கெடக்குறதே தெரியல."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க. அந்தக் கோடிவரைக்கும்."

அவன் நடந்தான். தோள்கள் சமமாக, கால்கள் நேராக, வேகமாக நடந்தான். விறாந்தைக் கோடியில் திரும்பி, சிரித்தபடி வந்தான். செல்லசாமி கையில் விரித்த துணியோடு கடைவாசலில் நின்றிருந்தார். தெருவுக்கு அப்பால் இராமையா தூக்கிப் பிடித்த டீயை ஆற்றாமல் நின்றார்.

"யாருப்பா அது?" என்றார் செல்லசாமி.

கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"என்ன மாமா, நாந்தான்" என்றான் அவன். அவர்கள் பார்வை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டு, சட்டென்று இடது தோளைத் தாழ்த்தினான். கோட்டு தாழவில்லை. முதுகு முழுவதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது; தோளில் கறுப்புப் பட்டை தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஓர் உடம்பு குனிய, மேலே கோட்டு குனியமாட்டேன் என்றது.

செல்லசாமி கிட்டே வந்தார். "ஏன் மாப்புள தோள இப்ப எறக்குற?"

"அப்பா தோளு மாமா. பொறவியிலயே எனக்கும்..."

"மரம் விழுந்தப்ப நீ எங்க இருந்த?"

"என்ன மரம்?"

இராமையா டீயைக் கீழே வைத்தார்.

"மச்சான் தோளுமேல விழுந்த மரம்" என்றார் செல்லசாமி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கெளையத் தூக்கி அவர வெளிய எடுத்தவன் நான். நீ போயி மூணாவது வருசம் அது. நான் எப்புடி இத மறந்தேன்? இந்தத் தோளு ஒனக்கு எப்புடிடா வந்துச்சு?"

அவன் பூரணியைப் பார்த்தான். "இவதான்... இவளுக்குத் தெரியும்..." என்று தொடங்கினான்.

"ஆமா, தெரியும்" என்றாள் பூரணி. "என் தம்பி செத்து நாலு வருசமாச்சு மாமா. அப்பாவுக்காக மறைச்சேன். சொன்ன ஆளே இந்த ஆளுதான். இனிமே நீங்க எப்புடித் தீர்த்தாலும் சரி."

செல்லசாமி துணியை மெதுவாக மடித்தார். அவனை அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அவனைத் தொடக்கூட விரும்பவில்லை. "கோட்டக் கழட்டி வச்சிட்டுப் போயிரு" என்றார்.

அவன் கழற்றி மேசைமேல் வைத்தான். ஸ்டேஷன் பக்கம் நடந்தான். முதலில் நேராகத்தான் போனான். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. கடைத்தெரு முடிகிற இடத்தில், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், அவன் இடது தோள் முன்னால் விழுந்தது. இடது கால் வட்டம் போட்டது. கோட்டும் இல்லை, பார்ப்பவர்களை ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. பழனியாண்டி கங்காணி பனிக்குள் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இராமையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், தன்னை அறியாமல்.

பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். "போயிட்டாராண்ணே?" என்று கேட்டாள்.

"போயிட்டாரு" என்றார் லோரன்ஸ்.

செல்லசாமி மடித்த துணியைப் பூரணியின் கையில் கொடுத்தார். "உருமாவ யாருக்கும் கட்டப்போறதில்ல. படையல்ல மச்சான் பக்கத்துல வச்சிரலாம். வீட்டுச் சாவி இவகிட்டயே இருக்கட்டும். பந்தல்ல எவனாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அழகுமுத்துக்கும் சேத்து ரெண்டு எலை போடு பூரணி. நாலு வருசமாப் பசியோட இருக்கான் புள்ள."

அப்போதுதான் அவள் அழுதாள்.

லோரன்ஸ் கோட்டை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஏற்றிய தோளைப் பிரித்தார். கறுப்புத் துணியைப் பழைய தடத்தில் உள்ளே மடித்து, பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுக் கையால் தைத்தார். அந்தத் தோளுக்கு மெஷினை அவர் தொடவில்லை. மறுநாள் காலை கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஈரத்துணி போட்டுத் தேய்த்தார். ஆவியோடு புகையிலை வாசம் எழும்பி விறாந்தை முழுவதும் நின்றது. பவுலின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆணியில் மாட்டிப் பார்த்தார். இடது தோள் சரிந்து, சரியாகத் தொங்கியது.

பூரணி தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள். அவர் கோட்டை மடிக்காமல் அவளுடைய இரண்டு கைகளிலும் போட்டார். தோள் அவள் மணிக்கட்டைத் தாண்டி முன்னால் விழுந்தது.

எத்தனையோ வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உள்ள துணி இருக்கு ஆயி" என்றார்.

மற்றதைச் சொல்லாமல் விட்டார்.